மலைக்குப் போட்ட ஜெட்

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது ராக்கையா ரசத்துக்கு வந்திருந்தார்.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து, கைப்பிடியை முறுக்காமல் ஐடிலில் விட்டிருந்தார்கள். நான்கு அடி ஒழுங்காக விழுந்தது. ஐந்தாவது தடுமாறியது. பிறகு இரண்டு அடி வேகமாக, ஒன்று மெதுவாக, மேடேறி மூச்சு வாங்குகிற ஆளைப் போல இழுத்து இழுத்து, சட்டென்று அணைந்தது. கிக்கரை உதைக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் அதே தடுமாற்றம்.

உத்தமபாளையத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டின் முன்னறைதான் ராக்கையாவின் ஒர்க் ஷாப். ஒர்க் ஷாப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. சாப்பாட்டு நேரத்தில் வருகிற வண்டிகளுக்குப் பாதி வைத்தியம் அந்தக் கதவு வழியாகவே நடந்துவிடும்.

"யாருங்க அது? சோக் போட்டு விட்டுப் பாருங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

வெளியே சோக்கை இழுத்திருக்க வேண்டும். என்ஜின் மெல்ல மெல்லச் சீரானது.

"இப்ப அணையாம நிக்குதுல்ல? அப்ப பெட்ரோல் பத்தல. இல்லாட்டி எங்கிட்டோ காத்து கூடப் போகுது. அணைச்சுட்டு ஒக்காருங்க, ரசத்த முடிச்சுட்டு வாரேன். நான் வாரதுக்குள்ள வண்டி ஓடிராது. அதான் ஓடவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குதே."

வழக்கமாக இந்தப் பேச்சுக்கு வெளியே யாராவது சிரிப்பார்கள். இன்று சிரிப்பு வரவில்லை. ஒரு நீண்ட இருமல் மட்டும் வந்தது.

கை கழுவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்தபடி ராக்கையா கதவைத் தாண்டினார். மெக்கானிக்குகளின் கண் முதலில் வண்டிக்குத்தான் போகும். அவர் கண்ணும் அப்படித்தான் போனது. வண்டியின் நம்பரைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு பழைய வண்டியை வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்துக் கழுவிக் கோர்த்து, தங்கச்சி பூமாரியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையிடம் சாவி கொடுத்தவர் அவர்தான்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் மெலிந்து, தலை நரைத்து, தொளதொளத்த சட்டைக்குள் இருந்தார்.

"மச்சான்" என்றார் பூமாரியின் கணவர் சசிதரன்.

அந்த வார்த்தை காதில் விழுந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ராக்கையா திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். நல்லவேளை, பூமாரி இல்லை. பந்தல்காரரைப் பார்க்கச் சின்னமனூர் போயிருந்தாள். அவள் மகள் அனுஷ்காவுக்கு இன்னும் பத்து நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவதானப்பட்டி.

*

ராக்கையா பிறந்தது கெங்குவார்பட்டியில். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, பூமாரிக்கு எட்டு. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உத்தமபாளையம் வந்தார். ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு தனியாகக் கடை போட்டார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகு, காலம் கடந்து ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் புண்ணியவதி மூன்றாம் வருடமே மஞ்சள்காமாலையில் கண்ணை மூடிவிட்டாள். குழந்தை இல்லை. அப்புறம் அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தது பூமாரி ஒருத்திதான்.

தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்த சசிதரனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, ராக்கையாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பஞ்சர் பார்க்க வந்தவரிடம்கூட, "எங்க மாப்ள மில்லு மேஸ்திரியாக்கும்" என்பார். கம்பத்து ஏலக்காய் வியாபாரி உமர் பாருக் அவருடைய நெடுநாள் வாடிக்கை. "ராக்கையா, ஒங்க மாப்ள மேஸ்திரிங்கறத என் வண்டியே ஆறு தடவ கேட்டுருச்சு. இனிமே ஆயில மட்டும் மாத்துங்க" என்று அவர் கேலி செய்வார்.

கணவனும் மனைவியும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். அனுஷ்கா பிறந்தாள். சசிதரன் விடிகாலை ஐந்தரைக்கு மில் யூனிபாரம் போட்டுக்கொண்டு கிளம்புவார், இருட்டும் நேரத்தில் திரும்புவார். வண்டிக்கு என்ன வந்தாலும் மச்சான் கடைதான்.

பதினோரு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், வண்டி முதல்முறையாக ஐடிலில் நிற்காமல் வந்தது.

ராக்கையா முறையாகத்தான் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார். எப்போதும் செங்கல் நிறத்தில் இருக்கிற நுனி, வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று அர்த்தம். ஏர் பில்டரைத் தட்டிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. டேப்பெட் இடைவெளியை அளந்தார், சரியாக இருந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் தாராளமாக வந்தது. கடைசியாகக் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்து, ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் முப்பத்தெட்டு என்று எண் பொறித்திருந்தது. அவர் போட்டது நாற்பது. எண் குறைந்தால் துளை சிறிது. துளை சிறிதானால் பெட்ரோல் குறைவு.

"கார்புரேட்டரைத் தொறந்தது யாரு, மாப்ள?"

"வழியில நின்னுபோச்சு மச்சான். அங்கன ஒருத்தர் பாத்தாரு" என்றார் சசிதரன்.

ராக்கையா நாற்பதைப் போட்டு அனுப்பினார். ஐடிலில் வண்டி பூப்போல நின்றது. மூன்று வாரத்தில் மறுபடி தடுமாறி வந்தது. திறந்தால் முப்பத்தெட்டு. மாற்றினார். அடுத்த மாதமும் அதே கதை. இவர் மாற்ற மாற்ற, எங்கோ ஒருவர் திருப்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை அந்த ஜெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அங்கே நின்ற உமர் பாருக்கிடம் கேட்டார்.

"பாய், ஒங்களுக்கு மேல கீழ ஊரெல்லாம் பழக்கம். இந்த முப்பத்தெட்டப் போடுறது எந்த மெக்கானிக்குன்னு தெரியுமா?"

உமர் பாருக் சிரித்தார். "இது மலை செட்டிங்ல. மலை மேட்டுக்கு அந்தப்பக்கம் காத்து மெல்லிசு. நம்ம ஜெட்டோட போனா பிளக்கு கரி புடிச்சுப் போகும். என் வண்டிக்குமே ஒருக்கா மாத்திவிட்டாக. யாரு வண்டி இது? மலையில வீடு வச்சிருக்க ஆளா?"

கம்பம் பள்ளத்தாக்கில் 'மலையில வீடு வச்சிருக்கான்' என்றால் செங்கல்லும் சிமெண்டும் அல்ல. கீழே பெண்டாட்டி பிள்ளை இருக்க, மேலே எஸ்டேட் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஊர் வைத்திருக்கிற பெயர் அது. உமர் பாருக் யார் வண்டி என்று தெரியாமல் சொன்ன விளையாட்டுப் பேச்சு. ஆனால் ராக்கையாவின் முகம் சுட்டது.

மில் இருப்பது வடக்கே. மலை ஏறும் மேடு இருப்பது தெற்கே. தூரம் என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துக்கூடச் சந்தேகம் வரவில்லை. அன்று சாயங்காலமே மில்லுக்குப் போன் செய்தார். மில்லை மூடி எட்டு மாதம் ஆயிற்று என்றான் வாட்ச்மேன்.

நேராகத் தங்கச்சி வீட்டுக்கு நடந்தார்.

"உன் புருஷன் வண்டி தெனமும் மலை ஏறுது, ஆத்தா. மில்லு மூடி எட்டு மாசமாச்சு."

பூமாரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கண்ணே போறாக?"

அந்த இடத்தில் 'எனக்குத் தெரியாது, நீயே கேளு' என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜெட்டின் எண் சொன்னதும் அவ்வளவுதான். ஆனால் ராக்கையா சொன்னது வேறு.

"ஆம்பள பொண்டாட்டிகிட்டச் சொல்லாம எதுக்கு மலைக்குப் போவான்? ஒனக்கே தெரியாதா?"

சசிதரன் வந்தபோது வழக்கம்போல மில் யூனிபாரத்தில் இருந்தார். பன்னிரண்டு வயது அனுஷ்கா பாடப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "மலையில யாரு இருக்கா?" என்று பூமாரி கேட்டாள். சசிதரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைக் குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அப்போதே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள் பூமாரி. நான்காம் நாள் சசிதரன் தேடி வந்தார். ராக்கையா ஒர்க் ஷாப் வாசலை மறித்து நின்றார்.

"இங்கன ஒனக்கு ஒறவு இல்ல. வந்த வழியப் பாத்துப் போ."

போனவர்தான்.

அந்தத் தை மாதம் வினோத்ராஜ் என்ற மலை மெக்கானிக் ஒருவன் உதிரிபாகம் வாங்கக் கீழே இறங்கினான். யாரோ சொல்லி ராக்கையா கடைக்கு வந்தான். பேச்சுவாக்கில், "எங்க பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துல பூச்சி மருந்தடிக்க ஒரு அண்ணன் வரும். உங்க ஊருதான். முந்தியெல்லாம் அது வண்டிக்கு நான் ஜெட்ட மாத்துவேன், கீழ ஒருத்தர் திருப்பி மாத்திருவாராம். வேல முடிஞ்சதும் அது என்ன செய்யும் தெரியுமாண்ணே? ஓடையில குளிச்சு, மருந்து நாத்தம் போகத் தேச்சு, பையிலருந்து மில்லு யூனிபாரத்த எடுத்து மாட்டிக்கிட்டு எறங்கும். வீட்டுல மேஸ்திரியாம். நாங்கல்லாம் சிரிப்போம். ஆனா தங்கமான மனுசன்" என்றான்.

ராக்கையா அன்று மூன்று வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். "என்னண்ணே, காச்சலா?" என்று பூமாரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கை ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நாளை வரவே இல்லை.

*

"வண்டி ஐடில்ல நிக்கமாட்டேங்குது, மச்சான்" என்றார் சசிதரன். பதினோரு வருடம் கழித்து வந்து நிற்கிற மனிதர் வேறு எப்படிப் பேச்சைத் தொடங்க முடியும்.

ராக்கையா ஸ்டூலை இழுத்துப்போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்ரோல் குழாயை மூடினார். கை தானாகக் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்துக்குப் போயிற்று. பிளக்கைப் பார்க்கவில்லை, பில்டரைப் பார்க்கவில்லை. நேராக ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

நாற்பது.

"மலைய விட்டு எறங்கி ரெண்டு வருசமாச்சு" என்றார் சசிதரன், அவர் எதைத் தேடுகிறார் என்று புரிந்தவராக. "நெஞ்சு ஒத்துக்கல. மருந்துக் காத்து. இப்பக் கோம்பையில ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் காவலாளி. கெடக்க ஒரு ரூம்பு குடுத்துருக்காக."

கோம்பை இங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டு வருடமாகப் பெற்ற தகப்பன் அங்கே கிடந்திருக்கிறான். அனுஷ்கா வாராவாரம் தேனி ஆஸ்பத்திரி லேப் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். ராக்கையா ஜெட்டைத் திரும்ப மாட்டினார். திருப்புளி இரண்டு முறை வழுக்கியது.

பிறகு முறையாகத் தேடினார். வண்டியை ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கிற ரப்பரை விரலால் அழுத்தினார். சத்தம் மாறியது. குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் முடி போல ஒரு வெடிப்பு. கிரீஸை எடுத்து அதன் மேல் அப்பினார். தடுமாறிக்கொண்டிருந்த என்ஜின் அடுத்த நொடியே அமைதியாகி ஒரே சீராக ஓடியது.

"ரப்பர் வெடிச்சிருக்கு. அது வழியா காத்த இழுக்குது. வேறொன்னுமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெட்டியைக் கிளறி அதே அளவில் ஒரு ரப்பரை எடுத்து மாட்டத் தொடங்கினார். சசிதரன் தரையில் குந்தி உட்கார்ந்தார். இருமல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"பாப்பாவுக்குக் கல்யாணமாம்ல. கோம்பையில ஒரு வீட்டுல பத்திரிகை பாத்தேன். நல்லா அடிச்சிருக்காக."

அந்தப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் பெயர் இருந்தது. அவர்தான் அப்படி அடிக்கச் சொன்னார்.

"எனக்குப் பந்தல்ல எடம் வேணாம், மச்சான். பத்திரிகையில பேரும் வேணாம். அவ இன்னொரு வீட்டுக்குப் போறா. போறதுக்கு முன்ன, நம்ம அப்பன் வேற பொம்பளகிட்டப் போனவன் இல்லன்னு அவளுக்குத் தெரியணும். எனக்கு அது ஒன்னுதான் வேணும். நாளைக்கு அவ புருஷன் பத்து நிமிசம் லேட்டா வந்தாக்கூட இவ எங்கப்பன் மாதிரியோன்னு நெனச்சுருவாளோன்னு எனக்குத் தூக்கம் வரல."

"நீயே சொல்ல வேண்டியதுதான மாப்ள." 'மாப்ள' என்று வாயில் வந்துவிட்டதை ராக்கையாவே அப்போதுதான் கவனித்தார்.

"நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா. அன்னைக்கும் ஒங்க சொல்லத்தான நம்புனாக." அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ராக்கையாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் மருந்தடிக்கத்தான் போனேன். ஒங்களுக்கே நம்பிக்கை வராது, தெரியும். வினோத்ராஜ்னு மேல ஒரு மெக்கானிக் இருக்கான். அவனுக்குப் போன் போட்டுக் கேளுங்க. நம்பர் எழுதிட்டு வந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

ராக்கையா அதை வாங்கவில்லை. கிரீஸ் படிந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்க வேணாம். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அவன் இங்கன வந்தான். எல்லாஞ் சொன்னான்."

"எப்ப?"

"அந்தத் தை மாசத்துல."

நீட்டிய தாளைச் சசிதரன் மெல்லப் பையில் திரும்ப வைத்தார். அவர் கோபப்படவில்லை. கணக்குப் போடத் தெரியாத குழந்தையைப் போல உதடு மட்டும் அசைந்தது.

"பதினோரு வருசமாவா, மச்சான்?"

"அந்த மாசியிலதான பஞ்சாயத்து வச்ச?"

கேட்டது சசிதரன் இல்லை. நடுக்கதவில் பூமாரி நின்றுகொண்டிருந்தாள். ஒர்க் ஷாப் வாசலில் எப்போதும் ஆம்பிளைகள் நிற்பார்கள் என்பதால் அவள் பின்வாசல் வழியாகத்தான் வருவாள், போவாள். கையில் துணிப்பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தேவையானதைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுண்ணே. தை முன்னாடி, மாசி பின்னாடி. தையில ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாசியில என்னையப் பஞ்சாயத்துக்குக் கூட்டிட்டுப் போயி, இவுக வேணாம்னு சொல்ல வச்ச. நான் சொல்லும்போது நீ பக்கத்துல நின்ன. தண்ணி வேணுமான்னு கேட்ட. எனக்கு நல்லா நெனப்பிருக்கு."

ராக்கையா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன், ஆத்தா."

"பின்ன ஏன் சொல்லல?"

வெட்கமாக இருந்தது, தப்பை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. இத்தனை வருடம் அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாதது. இன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீயும் பாப்பாவும் போயிருவீகளோன்னு பயமா இருந்துச்சு." குரல் உடைந்தது. "எம் பொண்டாட்டி செத்த பெறகு இந்த வீட்டுல எட்டு வருசம் ஒத்த ஆளாக் கெடந்தேன். நீங்க வந்த பெறகு அடுப்படியில சத்தம் கேட்டுச்சு. பாப்பா கூடத்துல ஒக்காந்து வாய்ப்பாடு சொல்லுச்சு. சோறு சூடா இருந்துச்சு. உண்மையச் சொன்னா நீ பாப்பாவக் கூட்டிக்கிட்டு அங்கன போயிருப்ப."

பூமாரி அழவில்லை. அவள் கண்கள் அண்ணனை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. பிறகு சசிதரன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க? அன்னைக்கு ஒங்க வாய் எங்க போச்சு? மருந்தடிக்கப் போறேன்னு ஒரு வார்த்த. எங்க தெருவுல பாதிப் பொம்பளைக விடியமுன்ன ஜீப்புல ஏறி ஏலக்காய் எடுக்கத்தான போறாக. நானும் தூக்குச்சட்டியத் தூக்கிட்டு ஒங்க வண்டியில பின்னாடி ஏறி வந்துருப்பேன்ல. அதுல என்ன கேவலம்?"

சசிதரன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மச்சான் கடைக்கு வாரவுககிட்டயெல்லாம் மேஸ்திரி மேஸ்திரின்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. அவுகளுக்குத் தலைகுனிவாப் போகும்னு நெனச்சேன். வேற மில்லுல வேல கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அப்படிக் கேட்ட. நீயே அப்படி நெனைச்சுட்டயேன்னு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அப்பொறம் பேச்சு வரல."

"அவுகளுக்குத் தலைகுனிவுன்னு நீங்க பேசல. நான் போயிருவேன்னு இவரு பேசல. ரெண்டு பேரும் அவுகவுக பயத்தத்தான் பாத்தீக. நடுவுல நான் ஒருத்தி இருந்தேன். எம் பிள்ள இருந்துச்சு. பத்தாவது பரிச்சைக்கு அப்பா பேரு எழுதச் சொன்னப்ப, அது பேனாவ மூடி வச்சுட்டு ஒக்காந்திருந்துச்சாம். டீச்சரு கூப்பிட்டு விட்டு எங்கிட்டச் சொன்னாக."

சசிதரன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இருமலா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூமாரி ஓர் அடி முன்னே வந்தாள். அவர் தோளைத் தொட்டுவிடுவாள் என்று ராக்கையா நினைத்தார். அவள் தொடவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, அவருக்கு எட்டும் தூரத்தில் தரையில் வைத்தாள்.

"குடிங்க."

அவர் குடித்து முடித்தார்.

"நான் வேணா பாப்பாகிட்ட..." என்று ராக்கையா தொடங்கினார்.

"நீ பேச வேணாம்." அவள் குரல் உயரவே இல்லை. "பேச வேண்டிய நாள்ல நீ பேசல. இப்பப் பேசுனா, தாய்மாமன் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாருன்னு ஊரு மெச்சும். அது ஒனக்கு வேணாம். சனிக்கெழம அவ வருவா. நான் சொல்லிக்கிறேன். ஒங்கப்பா ஏலத்தோட்டத்துல வெசத்த மூந்துக்கிட்டு நம்மளுக்குச் சோறு போட்டாருன்னு சொல்லுவேன். ஒங்கம்மா ஒரு வார்த்த விசாரிக்காம வெளியேறி வந்தான்னும் சொல்லுவேன். எந் தப்பையும் விடமாட்டேன்."

பிறகு கணவனைப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்க மேல கோவம் போகல, எம் மேலயும் போகல. அவ கூப்பிட்டா வாங்க. கூப்பிடலன்னா மனசு விட்றாதீக, கொஞ்ச நாள் குடுங்க."

"போதும்" என்றார் சசிதரன். "அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவர் எழுந்து வண்டியின் ஸ்டாண்டைத் தட்டினார். ராக்கையா கதவு நிலையைப் பிடித்து எழுந்து, அவரோடு தெருவாசல் வரை நடந்தார். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. பதினோரு வருடத்தில் ஒவ்வொரு நாளும் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். எதிரே ஆள் நிற்கும்போது அதில் ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

"மாப்ள, எங்கைய வெட்டிப் போட்டாலும்..."

"விடுங்க மச்சான். ரப்பருக்கு நன்றி." அவர் சிரிக்க முயன்றார். "மில்லுல இருக்கும்போதே மூடப் போறாகன்னு ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்ல வந்தேன். அன்னைக்குக் கடையில நல்ல கூட்டம். எல்லார்கிட்டயும் எங்க மேஸ்திரி வந்துட்டாகன்னு சொன்னீக. அப்படியே டீயக் குடிச்சுட்டுப் போயிட்டேன்."

வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு நொடி நடுக்கதவுப் பக்கம் பார்த்தார். பூமாரி அங்கேதான் நின்றிருந்தாள். அவள் கை நெஞ்சருகே உயர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பற்றிக்கொண்டது. சசிதரன் தலையை அசைத்துவிட்டுக் கிளம்பினார். பஸ் நிலையத்து முக்கில் திரும்பி மறைந்தார்.

ராக்கையா தெருவையே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பின்னால் தங்கச்சியின் காலடி கேட்டது. ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தார், ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

காலடி வீட்டுக்குள் போனது. இத்தனை வருடத்தில் பகல் நேரத்தில் ஒருநாளும் சாத்தாத நடுக்கதவைப் பூமாரி சாத்தினாள். உட்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. ராக்கையா ஒர்க் ஷாப் பக்கம் நின்றார்.